பேசாலை விஸ்ஸர்கள்

கனடாவின் ஸ்காபரோவில் விஸ்ஸர் என்ற ஒல்லாந்துக் குடும்பப்பெயரோடு முந்நூற்றுப் பன்னிரண்டு தமிழர்கள் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் அந்தப் பெயரை ஓர் அதிகாரி கையால் எழுதிக் கொடுத்தார். மற்ற எல்லோருக்கும் அது தானாகவே தபாலில் வந்தது, கடிதவுறையின் ஒரு மூலை ஈரமாக.

அதிகாரி எழுதிக் கொடுத்த குடும்பம் மல்வேர்னில் இருக்கிற அமிர்தநாதரின் குடும்பம். மன்னார்த் தீவில் பேசாலை அவர்களின் ஊர். அமிர்தநாதர் அங்கே கடலுக்குப் போனவர். இங்கே கார்க் கதவுக்கு றப்பர் ஒட்டுகிற தொழிற்சாலையில் காலை ஷிஃப்ற். 2001 பெப்ரவரியில், கனடாவுக்கு வந்து ஆறாம் நாள், அவரும் மனைவி வேரோனிக்காவும் ஓர் அலுவலகத்துக் கவுண்டரில் நின்றார்கள். மொழிபெயர்க்க வந்த பெண் கோப்பி வாங்கப் போயிருந்தாள். கவுண்டருக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரர் குடும்பப்பெயர் என்ன என்று கேட்டார். அமிர்தநாதர் தன் பெயரைச் சொன்னார். அது உங்களுடைய பெயர், குடும்பத்தின் பெயர் என்ன என்றார் அவர். அமிர்தநாதர் தகப்பன் பெயரைச் சொன்னார். அது தகப்பனின் பெயர், உங்களுக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் பிள்ளையின் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே பெயராக ஒன்று சொல்லுங்கள் என்று அவர் கையை விரித்துக் காட்டிக் கேட்டார். தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு என்று வாழ்ந்து வந்த மனிதருக்கு, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைக்கு இப்போதே பெயர் கேட்கிற அவசரம் விளங்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "உவனுக்கு விசர்" என்றார்.

ஈழத்துப் பேச்சில் விசர் என்றால் பைத்தியம். ஆனால் அதிகாரியின் முகம் அப்படியே மலர்ந்து போயிற்று. ஏனென்றால் அவருடைய பெயர் ஹென்ட்ரிக் விஸ்ஸர்; சட்டையில் குத்தியிருந்த அட்டையிலும் அதுதான் எழுதியிருந்தது. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் தன் பெயரோடு ஒருவரும் அந்தக் கவுண்டருக்கு வந்ததில்லை. எழுத்துக் கூட்டிக் கேட்காமலே இரண்டு எஸ் போட்டு எழுதினார். எழும்பி நின்று அமிர்தநாதருக்குக் கைகொடுத்தார், வேரோனிக்காவுக்கும் கைகொடுத்தார். கோப்பியோடு அந்தப் பெண் திரும்பி வந்தபோது அலுவல் முடிந்திருந்தது. அட்டைகள் கைக்கு வந்த பிறகுதான் என்ன நடந்தது என்று தெரிந்தது. திருத்தச் சொல்லலாம்தான். ஆனால் அகதியாக வந்தவர்கள் ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொன்னால் எல்லாமே பொய் என்று நினைத்துவிடுவார்கள் என்று இருவருக்கும் பயம். அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் பிறந்த ஸ்டெபனி பிறக்கும்போதே விஸ்ஸர்.

அமிர்தநாதருக்கு அந்தப் பெயரால் பெரிய கரைச்சல் இல்லை. தொழிற்சாலையில் அவரை எல்லோரும் நேதன் என்றார்கள். முழுவதையும் சுமந்தவள் வேரோனிக்கா. தமிழ் டொக்டரிடம் போனால் மயூரி என்ற வரவேற்புப் பெண் "விசர், வேரோனிக்கா" என்று கூப்பிடுவாள். இருபது கதிரையில் இருக்கிற இருபது வருத்தக்காரரும் தங்கள் வருத்தத்தை மறந்து நிமிர்ந்து பார்ப்பார்கள். வேரோனிக்கா கைப்பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உள்ளே போவாள். கார் ஓட்டப் பழகலாம் என்று குலசிங்கத்தாரின் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். அவர் முதல் நாளே, விசருக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்தால் பேந்து நான் எந்த றோட்டாலை போறது என்று கேட்டார். அந்தப் பகிடி பூசை முடிந்து சனம் கலைகிற நேரத்துக்குள் மல்வேர்ன் முழுக்கப் போய்விட்டது. ஏழாம் வகுப்பில் ஸ்டெபனி பள்ளிக்கூட வேலைக்காகத் தேடிப் பார்த்து, விஸ்ஸர் என்றால் ஒல்லாந்து மொழியில் மீன் பிடிக்கிறவர், அந்த நாட்டில் மிகச் சாதாரணமாக உள்ள பத்துப் பெயர்களில் அதுவும் ஒன்று என்று கண்டுபிடித்து வந்து சொன்னாள். வேரோனிக்கா கேட்டுக்கொண்டு கறியைக் கிளறினாள். ஒல்லாந்துக்காரர் காதில் அது மீன்காரர், எங்கடை சனத்தின் காதில் அது விசர், நான் எந்தக் காதுகளுக்கு நடுவில் இருக்கிறேன் என்று சொல்லு பாப்பம் என்றாள்.

வெட்கம் மட்டும் என்றால் பொறுத்திருப்பாள். அவளுக்குச் செலீன் என்று ஒரு தங்கை இருந்தாள். 1990இல் பேசாலையில் வள்ளம் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கிய செலீன், அன்றிலிருந்து தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் இருந்தாள். புருஷன் அலெக்ஸாண்டர் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. 2011இல் வேரோனிக்கா போய் இரண்டு கிழமை பார்த்துவிட்டு வந்தாள். பின்னேரம் ஆறு மணிக்கு முகாமின் கேற்றைச் சாத்துவார்கள். கேற்றுக்கு உள்ளே செலீன், வெளியே வேரோனிக்கா. அப்படிப் பதினான்கு பின்னேரம். கனடாவுக்குத் திரும்பியதும் செலீனை மல்வேர்னுக்கு எடுப்பிப்பதைத் தவிர அவளுக்கு வேறு யோசனை இருக்கவில்லை. கோயில் ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து பொறுப்பு நின்று கையெழுத்து வைத்தார்கள். ஃபைல் திரும்பி வந்தது. அக்கா தங்கை என்று எழுதியிருக்கிறீர்கள், ஒருவர் பெயர் விஸ்ஸர், மற்றவர் பெயர் அலெக்ஸாண்டர், தகப்பன் பெயர் சூசைப்பிள்ளை, மூன்றில் ஒன்றும் ஒன்றோடு பொருந்தவில்லை என்றார்கள். ஞானஸ்நானப் புத்தகத்தைக் காட்டலாம் என்றால் அது சண்டையில் எரிந்து போயிற்று. இந்தப் பெயர் தொலைந்தால்தான் தங்கச்சி வருவாள் என்று வேரோனிக்கா முடிவெடுத்தாள். பெயர் மாற்றக் கேட்டு இரண்டு தடவை விண்ணப்பம் போட்டாள். இரண்டு தடவையும் சூசைப்பிள்ளை என்று எழுதி அனுப்பினாள், இரண்டு தடவையும் சான்றிதழ் விஸ்ஸர் என்று வந்தது. அலுவலகத்தில் விசாரித்தால், நீங்கள் அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று அவளுடைய விண்ணப்பத்தையே எடுத்துக் காட்டினார்கள். அவளுடைய கையெழுத்தில்தான் இருந்தது.

இதற்குள் பெயர் வெளியே பரவத் தொடங்கிவிட்டது. 2014 மே மாதம், டோர்செட் பார்க்கில் பதினொராம் மாடியில் இருக்கிற தில்லையம்பலத்தாருக்கு வந்த கரண்ட் பில்லில் தில்லையம்பலம் விஸ்ஸர் என்று அடித்திருந்தது. அவர் வல்வெட்டித்துறைக்காரர், சைவக்காரர், ஒல்லாந்துக்காரர் ஒருவரோடும் கதைத்துக்கூட அறியாதவர். கம்பனிக்கு ஃபோன் எடுத்துக் கேட்டால், முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அடுத்த கிழமை ஹெல்த் காட் மாறியது, அதற்கடுத்த கிழமை மருந்துப் போத்தலில் ஒட்டியிருந்த பெயர் மாறியது. ஆடி மாதத்துக்குள் அந்தக் கட்டடத்தில் ஒன்பது தபால்பெட்டிகள் விஸ்ஸர் ஆகிவிட்டன. அங்கிருந்து அது பஸ் போகிற பாதையால் போனது. கெனடி வீதியில் இரண்டு வீடு, மார்க்கம் வீதியில் ஏழு வீடு. பனிக்காலத்தில் ஆறுதலாக, பனி உருகும்போது அவசரமாக. தபால்காரர் ஒருவர் விஸ்ஸர்களின் கடிதங்களை மட்டும் தபால் வண்டியின் ஹீற்றருக்கு மேலே பரப்பி, காய்ந்த பிறகு கொண்டுவந்து போட்டார். யார் யாருக்கு வருகிறது என்ற கணக்கு முதலில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. குருநகர், நாவாந்துறை, மயிலிட்டி, முல்லைத்தீவு, பேசாலை என்று, எந்தக் குடும்பத்தில் எப்போதாவது ஒருவர் மீனை நம்பிச் சீவித்தாரோ அந்தக் குடும்பத்தை அது தேடிப் போனது. ஊரைக் கேட்டால் யாழ்ப்பாணம் டவுன் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறவர்களையும் அது விடவில்லை.

அப்படித்தான், ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிப் போயிருந்த குலசிங்கத்தாரையும் பிடித்தது. ஒருநாள் காலை கராஜைத் திறந்தார். காரின் தலையில் குலா டிரைவிங் ஸ்கூல் என்று இருந்த போர்ட், ஆங்கிலத்தில் விஸ்ஸர் டிரைவிங் ஸ்கூல் என்று இருந்தது. கீழே தமிழில் விசர் டிரைவிங் ஸ்கூல் என்று இருந்தது. தங்கள் பரம்பரை தோட்டக்காரப் பரம்பரை, கடற்கரைப் பக்கமே போகாதது என்று அவர் ஒரு சத்தியக்கடதாசி எழுதுவித்து, கையெழுத்து வைக்க மேசையில் இருந்தார். மனைவி மங்கையற்கரசி தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்கடை அப்பாச்சி மயிலிட்டி எண்டு கலியாணம் பேசேக்கையே எங்கடை அம்மாவுக்குத் தெரியும். நல்ல ஆக்கள் எண்டுதான் செய்தவை. இனிக் கையெழுத்து வைக்கிறதெண்டா வையுங்கோ."

குலசிங்கத்தார் வைக்கவில்லை. மூன்று கிழமை கழித்துப் போய் ஒரு தூண்டில் வாங்கி, ஸ்ரௌவ்வில்லுக்குக் கிட்ட உள்ள சின்ன ஏரியில் தனியே நிற்கத் தொடங்கினார்.

2018 கோடையில் ஹென்ட்ரிக் விஸ்ஸர் மல்வேர்னுக்கு வந்தார். பென்ஷன் எடுத்த பிறகு அவர் ஒன்டாரியோவில் உள்ள விஸ்ஸர்களின் பட்டியல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். தகப்பன் அங்கேயே ஹொலண்ட் மார்ஷ் என்கிற சதுப்பு நிலத்தில் வெங்காயம் போட்டவர்; பட்டியலும் அந்தப் பக்கத்தோடு முடியும் என்றுதான் நினைத்திருந்தார். பார்த்தால் ஸ்காபரோவில் பக்கம் பக்கமாக விஸ்ஸர்கள். கதவைத் திறந்த வேரோனிக்கா, தன் கஷ்டத்துக்கெல்லாம் காரணமான மனிதர் கையில் ஒரு அப்பிள் கேக்கோடு நிற்பதைக் கண்டாள். தேத்தண்ணி கொடுத்து, விசர் என்றால் என்ன அர்த்தம் என்பதை ஸ்டெபனியை வைத்து ஒன்றும் மறைக்காமல் சொல்லுவித்தாள். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது. பிறகு தன் பக்கத்துக் கதையைச் சொன்னார். 1811இல் பிரெஞ்சுக்காரர் ஒல்லாந்தை ஆண்டபோது எல்லோரும் ஒரு குடும்பப்பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பலருக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. இல்லாதவர்களும் ஒரு கவுண்டரில் போய்த்தான் நின்றார்கள். ஆற்று வாயிலும் ஏரிக் கரையிலும் கடற்கரையிலும் வலை போட்டவர்களை ஊர் எப்படியும் மீன்காரர் என்றுதான் கூப்பிட்டது, அதையே எழுதினார்கள். அதனால் அது ஒரு பாட்டனிலிருந்து வந்த பெயர் இல்லை, நூறு கரையில் நூறு தரம் தனித்தனியாக முளைத்த பெயர். பிறகு கப்பல் ஏறித் தென்னாபிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் இங்கேயும் வந்தது. தன் தகப்பன் இன்னொரு விஸ்ஸரைக் கண்டால் நீ யாருடைய மகன் என்று கேட்க மாட்டார், உங்களுடைய தண்ணீர் எது என்றுதான் கேட்பார் என்றார். வேரோனிக்கா விடவில்லை. உங்கள் ஆட்கள் மன்னாரில் கோட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு எங்கள் கோயில்களையும் பூட்டினார்கள், அது தெரியுமா என்று கேட்டாள். தெரியும், அந்த நேரம் எங்கள் ஆட்கள் முழங்கால் சேற்றில் விலாங்கு பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்றார் ஹென்ட்ரிக். பட்டியல் கொப்பியை எடுத்து, அமிர்தநாதர் விஸ்ஸர், தண்ணீர் பேசாலை என்று எழுதிக்கொண்டு போனார். அப்பிள் கேக் நன்றாக இருந்தது. பெயரை விட்டுத்தொலைக்கிற எண்ணம் மட்டும் வேரோனிக்காவுக்கு மாறவில்லை.

மூன்றாம் தடவை 2023 தையில் போட்டாள். இந்த முறை விண்ணப்பத்தோடு அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாளும் வைத்தாள். கடைசி நாள் பெயரோடு நேரடியாகவே கதைத்தாள்: உன்னில் எனக்குக் கோபம் இல்லை, எனக்கு என்ரை தங்கச்சி வேணும், நீ போ. பெயர் போய்விட்டது. சான்றிதழ் வேரோனிக்கா சூசைப்பிள்ளை என்று வந்தது, மூலை காய்ந்திருந்தது. கைப்பையில் இருந்த அட்டைகள் எல்லாம் ஒரே பகலில் மாறின. அமிர்தநாதரும் ஸ்டெபனியும் விஸ்ஸராகவே இருந்தார்கள். அவள் தன்னை மட்டும்தான் கேட்டிருந்தாள். அங்கே முகாமில் செலீனும் எட்டு மாதம் மனுக்கொடுத்துத் திரிந்து, தன் அட்டையைச் செலீன் சூசைப்பிள்ளை என்று மாற்றுவித்தாள். ஃபைல் திரும்பவும் போனது. 2024 ஆனி பதினேழாம் திகதி செலீனுக்கு நேர்முகம் என்று கடிதம் வந்தது. வேரோனிக்கா வாழ்க்கையில் முதல்முறையாக டொக்டரிடம் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனாள்.

நேர்முகத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது செலீன் ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, என்ரை அட்டையிலை விசர் எண்டு அடிச்சுக் கிடக்கு."

"ஆரடி அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை. நேற்றுப் பின்னேரம் சூசைப்பிள்ளை எண்டு கிடந்தது. காலமை பாத்தா விசர். அட்டையும் நனைஞ்சு கிடக்கு. நக்கிப் பாத்தன், உப்பு."

"உனக்கென்ன விசரே?"

"ஓம் அக்கா, அப்பிடித்தான் போட்டிருக்கு."

முகாமில் ஆட்களைக் கணக்கெடுக்கிற அதிகாரி தமிழ்நாட்டுக்காரர், அவருக்கு அந்தச் சொல் தெரியாது. விசர் செலீன் யார் என்று அவர் சத்தமாகக் கேட்டபோது வரிசையில் நின்ற பேசாலைக்காரர் முழுப்பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். செலீனும் சேர்ந்து சிரித்தாளாம். சொல்லிக்கொண்டே ஃபோனிலும் சிரித்தாள். வேரோனிக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதின்மூன்று வருடமாகப் பொருந்தாத பெயர்களைப் பொருத்தி வைத்தது அவள்தான். இப்போது தங்கச்சி விஸ்ஸர், தான் சூசைப்பிள்ளை. திரும்ப விண்ணப்பம் போட்டால் ஆறு மாதம் எடுக்கும். ஹென்ட்ரிக்குக்கு ஃபோன் எடுத்து, நீங்கள்தானே தந்தீர்கள், இன்னொருக்கால் தாருங்கள் என்றாள். அவர், அந்தப் பெயரை எந்த அதிகாரியும் ஒருவருக்கும் கொடுத்ததில்லை, தொழில்தான் கொடுத்தது, அதிகாரிகள் காதில் விழுந்ததை எழுதினார்கள், அவ்வளவுதான் என்றார். வேரோனிக்கா ஃபோனை வைத்துவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினாள். ஊர் முழுக்க அவளுக்குப் பட்டம் வைத்த மனிதரின் நம்பர்.

"குலசிங்கம் அண்ணை, எனக்கொரு தூண்டில் வேணும்."

அந்தப் பக்கம் ஒரு பகிடிக்கான இடம் இருந்தது. குலசிங்கத்தார் அதை எடுக்கவில்லை.

"எத்தினை மணிக்கு வரட்டும், தங்கச்சி?"

ஸ்டெபனி மறித்தாள், அம்மா, யூ நீட் எ லைசென்ஸ் என்றாள். மீன் பிடிக்க இஞ்சையும் பாஸோ, ஊரிலை எண்டால் நேவி குடுக்கிறது, இஞ்சை எந்த நேவி நிக்குது என்று கேட்டுக்கொண்டே வேரோனிக்கா மகளுக்குப் பக்கத்தில் இருந்து லைசென்ஸுக்குப் பதிந்தாள். பிரிண்டரில் வந்த கடதாசியில் சூசைப்பிள்ளை என்றுதான் இருந்தது, பப்படம் மாதிரிக் காய்ந்து. மடித்துக் கைப்பையில் வைத்தாள். அடுத்த நாள் தொடக்கம் ஐந்து நாள், காலை ஆறு மணிக்கு விசர் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து அவளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனது. ஐந்து நாளும் அவளுடைய தூண்டிலில் பாசி பிடிபட்டது, ஒருமுறை ஒரு சப்பாத்துக் கயிறு பிடிபட்டது. குலசிங்கத்தாருக்கு பேர்ச் என்கிற சின்ன மீன்கள் தாராளமாகப் பிடிபட்டன. ஒவ்வொன்றையும் அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டார்.

ஆறாம் நாள் அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. பிடித்த மீனை ஆராவது திருப்பி விடுவினமோ என்று கேட்டாள். தனக்கு மீன் வெட்டத் தெரியாது, மங்கையற்கரசி புதுக் குசினியில் செதில் விழ விடமாட்டாள் என்று அவர் உண்மையைச் சொன்னார். வேரோனிக்கா தூண்டிலைக் கீழே வைத்தாள். பேசாலையில் பெண்கள் கடலுக்குப் போனதில்லை. வள்ளம் கரைக்கு வந்த பிறகுதான் அவர்களின் வேலை: வலையிலிருந்து மீன் கழற்றுவது, வெட்டுவது, உப்பிடுவது, காயப்போடுவது. எட்டு வயதில் தொடங்கி அவள் செய்தது அதுதான். ஊரில் தூண்டில் பிடித்ததே இல்லை. போய் ஒரு கத்தியும் இரண்டு பை உப்பும் வாங்கி வரச் சொன்னாள். காரின் டிக்கியில் இலவசத் தமிழ்ப் பத்திரிகையை விரித்தாள். முதல் மீனில் கை தடுமாறியது. மூன்றாவதில் பழைய வேகம் வந்தது. பத்தாவதிலிருந்து அவள் மீனைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்துக்கொண்டு வெட்டினாள். குலசிங்கத்தார் பிடிக்கப் பிடிக்க அவள் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து உப்பை அடைத்தாள். இருபத்தாறாவது மீனில் கை துடைக்கக் கடதாசி தேடிக் கைப்பையைத் திறந்தாள். பைக்குள் இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர் நின்றது. லைசென்ஸில் வேரோனிக்கா விஸ்ஸர் என்று இருந்தது, ஹெல்த் காட்டிலும் சிற்றிசன்ஷிப் காட்டிலும் அப்படியே இருந்தது.

"வந்திட்டுது" என்றாள்.

குலசிங்கத்தார் எட்டிப் பார்த்தார். "நல்லது. இதிலை இன்னும் நாலு கிடக்கு, அதையும் வெட்டிப்போடுங்கோ."

ஸ்டெபனி அட்டைகளை ஈரத்தோடேயே ஸ்கேன் பண்ணி அனுப்பினாள். ஆனி பதினேழாம் திகதி, நேர்முகம் செய்த அதிகாரி இரண்டு விஸ்ஸரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு தேசத்தில் இருக்கிற இரண்டு சகோதரிகளுக்கு ஒல்லாந்துப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டார். எங்கடை கரையிலை கனபேர் விசர்தான் ஐயா என்றாள் செலீன். மொழிபெயர்த்தவருக்கு இருமல் வந்தது. அதிகாரி ஏதோ எழுதி ஃபைலை மூடினார். 2025 தை மாதம், குளிர் மைனஸ் பதினேழில், செலீன் மல்வேர்னுக்கு வந்து சேர்ந்தாள். முதல் கிழமை முழுக்க அவள் பின்னேரம் ஆறு மணிக்கு வாசற்கதவைத் திறந்து, ஒழுங்கை முனை வரை நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தாள். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தமிழர் அல்லாதவர்கள் மேலே சொன்ன முந்நூற்றுப் பன்னிரண்டில் சேர்த்தி இல்லை. மாசி மாதம் ஒரு காலை, வேரோனிக்கா வேலைக்குப் போயிருந்த நேரம், மூன்று வீடு தள்ளி இருக்கிற, இளமையில் கடலில் மீன் பிடித்த நியூஃபவுண்ட்லாந்துக் கிழவர் வந்து கதவைத் தட்டினார். இது உங்கள் வீட்டுக் கடிதம், மாறி என்னிடம் வந்துவிட்டது, ஆனால் முன்பெயர் என்னுடையதாக இருக்கிறது என்று அவர் சொன்னதில் செலீனுக்குப் பாதி விளங்கவில்லை. கடிதவுறையைக் கையில் வாங்கி, அதன் ஈர மூலையைப் பார்த்ததும் மிச்சமும் விளங்கியது. அதை ஹீற்றருக்கு மேலே வைத்தாள். சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் கையைக் காட்டினாள், கதிரையை இழுத்துப் போட்டாள், தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு திரும்பி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டாள். அவர் சாப்பிடுவேன் என்றார்.